பிள்ளை பெற்றவளின் பக்கத்தில்

கார்த்திகை தீப உற்சவத்தின் தேர் நாளன்று திருவண்ணாமலையின் மாட வீதிகளில் நிற்பவர் கண்ணுக்குக் கிடைக்கும் காட்சிகளுள், தேர்களின் பிரம்மாண்டத்தைக் காட்டிலும் என் நெஞ்சை அதிகமாகப் பற்றிக்கொள்பவை கரும்புத் தொட்டில்களே. பிள்ளை வரம் வேண்டி அண்ணாமலையாரிடம் நேர்ந்துகொண்ட தம்பதிகள், வரம் பலித்த பின், முழுக் கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் ஒரு சேலையைத் தூளியாகத் தொங்கவிட்டு, சிசுவை அதனுள் கிடத்தி, முன்னும் பின்னுமாகத் தோள்கொடுத்துக் கோயிலை வலம் வந்து பிரார்த்தனையை நிறைவேற்றுகிறார்கள். வழியில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் தூளிக்குள் எட்டிப் பார்த்துக் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அதைப் பெற்றவளோ, இரவெல்லாம் விழித்த கண்களோடும், கட்டிக்கொண்டு வலிக்கும் மார்போடும், ஜனநெரிசலில் குழந்தைக்குப் பசித்தால் எங்கே உட்கார்ந்து பால் கொடுப்பது என்ற கவலையோடும் கூடவே நடந்துகொண்டிருக்கலாம். அவள் முகத்தைப் பார்க்க எவருக்கும் தோன்றுவதில்லை. தோன்றாதது அவர்கள் குற்றமென்று சொல்ல மாட்டேன். இந்த ஊரின் ஐதிகத்திலேயே அப்படி ஒரு பழக்கம் வேரோடியிருக்கிறது.

பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வூரைத் தன் ராஜதானிகளுள் ஒன்றாகக் கொண்டிருந்த ஹொய்சள வேந்தன் மூன்றாம் வல்லாளனைப் பற்றி ஸ்தல புராணம் சொல்லும் கதையைத் திருவண்ணாமலைக்காரர்கள் அறிவார்கள். புத்திர பாக்கியம் இல்லாத அரசனைச் சோதிக்கச் சிவனடியாராக வந்த இறைவன், அரசனின் இளைய மனைவி சல்லமாதேவி தீண்டிய மாத்திரத்தில் பச்சிளங் குழந்தையாக மாறினான். அரசன் அள்ளி எடுக்க முற்படுகையில் மறைந்தான். பின்னர் ரிஷபாரூடனாகக் காட்சி தந்து, தானே மகனாக இருந்து அந்திமக் கடன்களைச் செய்வதாக வாக்களித்தான். அந்த வாக்கின்படி இன்றும் ஆண்டுதோறும் மாசி மகத்தன்று அருணாசலேசுவரர் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, கௌதம நதிக்கரையில் தீர்த்தவாரி கண்டு, வல்லாளனுக்குத் திதி கொடுக்கிறார். பகவானே மகனாகி நீர்க்கடன் இறைக்கும் இந்த ஏற்பாட்டின் கருணையை நினைந்து உருகாதவர் இல்லை. ஆயினும் நான் நினைத்து நினைத்துத் தயங்குவது சல்லமாதேவியை. கையில் ஒரு கணம் கனத்த குழந்தை மறுகணம் இல்லாது போனபோது அந்தப் பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கதையும் கூறவில்லை, உற்சவமும் கேட்கவில்லை. அரசனுக்கு மகன் கிடைத்தான். ஊருக்கு ஒரு திருவிழா கிடைத்தது. அவள் கதையிலிருந்து நழுவிப் போனாள்.

நம் வீடுகளிலும் பிள்ளை பெற்றவள் இவ்வாறே நழுவிப் போகிறாள். சீர் வரிசையும் சந்தனமும் வளையலுமாக ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ கொண்டாடப்பட்டவள், பிரசவம் ஆன மறுநாளே, குழந்தைக்கு ஆகாரம் வரும் வழியாகிவிடுகிறாள். பார்க்க வருகிறவர்கள், “பால் இருக்குதாம்மா?” என்கிறார்கள், “புள்ளைக்குப் பத்துதா?” என்கிறார்கள், குழந்தை சிணுங்கினால், “ஏன் இப்படி அழுவுது, வயிறு ரொம்பலையா?” என்கிறார்கள். எல்லாம் பிரியத்தால் பிறந்த கேள்விகள்தாம். ஆனால் மூன்று நாளாகத் தூங்காமல், தையல் வலியோடு ஒருக்களித்துப் படுத்திருக்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் காதில் அவை விழும்போது, ஒவ்வொன்றும் தான் தேறவில்லை என்று சொல்லும் தீர்ப்பாகவே ஒலிக்கிறது.

இந்தத் தீர்ப்பு அவள் மனத்தோடு நிற்பதில்லை, மார்பையும் சென்று எட்டுகிறது என்பதைச் சரீர சாஸ்திரம் ஐயமறக் காட்டியிருக்கிறது. பாலைச் சுரக்கச் செய்வது புரோலாக்டின் என்னும் இயக்குநீர். சுரந்த பாலை வெளியே இறக்கிக் கொடுப்பது ஆக்ஸிடோசின். குழந்தை வாய் வைத்து இழுக்க இழுக்க முன்னது பெருகும். பின்னதோ அச்சத்துக்கும் வலிக்கும் அவமானத்துக்கும் ஒடுங்கிவிடும் சுபாவம் உடையது. 1948-இல் மைக்கேல் நியூட்டன், நைல்ஸ் நியூட்டன் என்ற அமெரிக்கத் தம்பதியர் இதைப் பரீட்சித்துப் பார்த்த விதம் என் உள்ளத்தை விட்டு அகலாதது. நைல்ஸ் தம்மையே அந்தப் பரீட்சைக்கு உட்படுத்திக்கொண்டார். தம் குழந்தைக்குப் பால் கொடுக்கும் வேளையில், சில நாட்கள் பாதங்களைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்திக்கொண்டும், சில நாட்கள் கால் பெருவிரல் வலியெடுக்கும்படி இழுக்கப்பட்டும், சில நாட்கள் விடாது தொடுக்கப்பட்ட கணக்குகளுக்கு விடை சொல்லிக்கொண்டும் அவர் பாலூட்டினார். இடையூறற்ற நாட்களில் குழந்தை குடித்த பால் சராசரி 168 கிராம். இடையூறு நேர்ந்த நாட்களில் 99 கிராம். அதே இடையூறுகளுக்கு நடுவே ஆக்ஸிடோசின் ஊசி போட்டுக்கொண்ட நாட்களில் 153 கிராம். பால் வற்றிவிடவில்லை, உள்ளேயே இருந்தது, மனம் கலங்கியதால் இறங்க மறுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? பனிக்கட்டி நீருக்கும் கணக்குக்கும் பதிலாக ஒரு மாமியாரின் பெருமூச்சையும், பெண் பிறந்துவிட்டதே என்று வாசலில் நின்று பேசும் உறவினரின் குரலையும், ஆஸ்பத்திரிச் செலவுக்கு அடகு போன வளையலின் நினைவையும் வைத்துப் பாருங்கள்.

‘பால் இல்லை’ என்று சொல்லப்படும் தாய்மாரில் மிகப் பலருக்குப் பால் இருக்கிறது. முதல் இரண்டு மூன்று நாட்கள் ஊறுவது சிறிதளவு சீம்பால் மட்டுமே. பிறந்த சிசுவின் இரைப்பை மிகச் சிறியதாகையால் அதுவே போதும். மூன்றாம் நாளையொட்டித்தான் மார்பு நிறையத் தொடங்கும். காம்பை மட்டும் கவ்வாமல் அதைச் சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போகும்படி குழந்தையை நெருக்கிப் பிடித்தால் புண்ணும் வராது, பாலும் வரும். எடுக்க எடுக்கவே அது ஊறும். ஒரு வேளை புட்டிப்பால் கொடுத்து ஒரு வேளை உறிஞ்சுதலைத் தவிர்த்தால், அந்த அளவுக்குச் சுரப்பும் பின்வாங்கும். அக்னி நட்சத்திர வெயிலில் மலைப்பாறை இரவிலும் கனலைக் கக்கும் இந்த ஊரில், நாக்கு வறண்டுபோகுமே என்று குழந்தைக்குத் தண்ணீர் புகட்டாத பாட்டி அரியவள். ஆனால் தாய்ப்பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்குக்குக் குறையாமல் இருப்பது நீரேயாதலால், ஆறு மாதம் வரை வேறு நீர் அதற்கு வேண்டியதில்லை. வேண்டுவது தாய்க்கு ஒரு செம்பு தண்ணீர். இவ்வளவும் எளிய விஷயங்கள். ஆயினும் சுவரில் ஒட்டிய விளம்பரத் தாளால் இவற்றைக் கற்பிக்க முடியாது. இரவு இரண்டு மணிக்கு, அழுகிற குழந்தையையும் அழுகிற தாயையும் ஒருசேரத் தாங்கி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, “இப்படிப் பிடி கண்ணு” என்று கை வைத்துக் காட்டுகிற ஒருத்தி வேண்டும்.

அப்படிப்பட்ட ஒருத்தி முற்காலத்தில் இருந்தாள். தாய்வீட்டுப் பிரசவம் என்ற சம்பிரதாயத்தின் சாரமே அதுதான். பச்சை உடம்புக்காரியைத் தனியே விட்டால் காற்றுக் கருப்பு அண்டும் என்று சொல்லி, நிலைப்படியில் வேப்பிலை செருகி, தலைமாட்டில் இரும்புத் துண்டு வைத்து, இரவும் பகலும் யாராவது ஒருத்தி அவள் பாயருகிலேயே படுத்துக் கிடந்தாள். சொன்ன காரணம் மூடநம்பிக்கை என்று இன்று நாம் தள்ளிவிடலாம். அதனால் அவளுக்குக் கிடைத்த துணை மெய்யானது. பூண்டுக் குழம்பும், முருங்கைக் கீரையும், பால்சுறாப் புட்டும், பிரசவ லேகியமும் வேளை தவறாமல் வந்தன. அவற்றுள் எது எவ்வளவு பாலைப் பெருக்கியது என்பதைப் பற்றி வைத்தியர்கள் வாதிட்டுக்கொள்ளட்டும். தனக்கென்று ஒருவர் அரைத்துக் கரைத்துக் கொண்டுவந்து, குடித்து முடிக்கும் வரை எதிரே உட்கார்ந்திருந்தாரே, அதை நான் மருந்தில்தான் சேர்ப்பேன். 1973-இல் தாய்ப்பால் ஊட்டுதலைப் பற்றி நூலெழுதிய டானா ராஃபேல் என்ற மானிடவியல் அறிஞர், பல சமூகங்களை ஒப்புநோக்கிய பின் வந்து சேர்ந்த முடிவும் இதுவே: புதுத்தாய்க்கு ஒரு தாய் வாய்த்த இடத்தில் பாலூட்டல் வெற்றி பெறுகிறது.

இதைச் சொல்லுகையில் பழமையை முழுவதும் மெச்சுகிறவனாகத் தோன்ற எனக்கு விருப்பமில்லை. அதே சம்பிரதாயம்தான் தீட்டு என்று அவளைக் காற்றில்லாத அறையில் ஒதுக்கியது; சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டச் செய்து, சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாகத் தொட்டு வைத்தது; சங்கில் கழுதைப்பால் வார்த்தால் நோய் அண்டாது என்று தெருவில் கூவி வருகிறவனை இன்றும் நிறுத்தி வாங்குகிறது; தாகத்தால் தவிப்பவளுக்குப் பத்தியத்தின் பேரால் தண்ணீரை அளந்து கொடுத்தது. மருத்துவமனை வந்து இந்தக் கொடுமைகள் பலவற்றிலிருந்து அவளை மீட்டது, உயிரையும் மீட்டது. இந்த நன்றியை மறந்துவிட்டு மேலே எழுதுவது தர்மமாகாது.

ஆயினும் மீட்டுக் கொண்டுவந்து சேர்த்த இடத்தில் துணையைக் காணோம். 2019–21-இன் தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாயின் மார்பை அடையும் குழந்தைகள் நூற்றுக்கு ஏறத்தாழ 60, ஆறு மாதத்துக்குட்பட்டோரில் தாய்ப்பால் ஒன்றையே குடிப்பவர்கள் ஏறத்தாழ 55. ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் மருத்துவரின் கண்முன்னே பிறக்கும் ஒரு மாநிலத்தில் இந்த இடைவெளி ஏன்? பிரசவங்களில் நூற்றுக்கு 45 வரை அறுவை சிகிச்சையாக இருப்பது ஒரு காரணம். மயக்கம் தெளிந்து, வயிற்றுத் தையலோடு புரளக்கூட முடியாதவளிடம் குழந்தையைத் தூக்கிக் கொடுக்கவும் பிடித்துக்கொள்ளவும் ஒருவர் வேண்டும். வார்டில் உள்ள செவிலிக்கோ கைகள் இரண்டுதான். அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்வது அநியாயம். பிரசவ அறையில் உறவுப் பெண் ஒருத்தி உடனிருக்கலாம் என்று அரசு மருத்துவமனைகளில் 2004-இலேயே அனுமதித்த மாநிலம் இது. முத்துலட்சுமி ரெட்டி பெயரால் வழங்கும் மகப்பேற்று நிதியுதவி 2018 முதல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. 2015-இல் தொடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தின் பதினாறு பொருள்களிடையே தாய்க்கென்று சௌபாக்கிய சுண்டி லேகியத்தையும் எவரோ நினைவு வைத்துச் சேர்த்தார்கள். அவர் யாராயினும் வணங்கத் தக்கவர். அதே ஆண்டு ஆகஸ்டில் மாநிலமெங்கும் பேருந்து நிலையங்களில் 350-க்கும் மேற்பட்ட பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் வரும் ஊரில் இத்தகைய அறையின் அருமை, கைக்குழந்தையோடு நடந்த பெண்ணுக்குத்தான் தெரியும். இவ்வளவு கொடுத்த பின்னும் கொடுக்கப்படாமல் நிற்பது அவளோடு பேச ஒரு மனிதர்.

அந்த மனிதர் இல்லாமையின் விலை என்ன என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருவண்ணாமலையிலிருந்து போளூர், கண்ணமங்கலம் வழியாக வேலூர் போகும் சாலையில் உள்ளது கணியம்பாடி. அவ்வட்டாரத்துக் கிராமங்களில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் சந்தித்துத் தமிழில் கேள்விகள் கேட்டு ஆராய்ந்தார்கள். முடிவு 2002-இல் வெளிவந்தது. நூற்றுக்குப் பதினொரு பெண்களிடம் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு நோய் தோன்றியிருந்தது. அதை வளர்த்த காரணங்களாக அவர்கள் கண்டவற்றைப் படிக்கையில், எந்தத் தெருவிலும் உள்ள எந்த வீட்டின் கதையோ என்று தோன்றும்: வறுமை, ஆண் வேண்டுமென்றிருக்கப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், வேலையில் கைகொடுக்க ஆளில்லாமை. பிரசவமான மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் காரணமின்றி வரும் கண்ணீர் பெரும்பாலோர்க்கு இயல்பாக வந்து தானே வடிந்துவிடும். வாரங்கள் சென்றும் வடியாது, குழந்தை உறங்கும் வேளையிலும் உறங்க முடியாமல், அதன் முகத்தைப் பார்த்தும் உள்ளம் அசையாமல், ‘நான் இல்லாவிட்டால் எல்லாரும் நன்றாக இருப்பார்கள்’ என்ற எண்ணம் தலைகாட்டுமாயின் அது வியாதி; அம்மை, காமாலையைப் போல வைத்தியம் உள்ள வியாதி. அதற்கு நம் வீடுகள் இட்டிருக்கும் பெயர்கள் ‘திமிர்’, ‘சோம்பல்’, ‘பேய்’. பால் கொடுக்கச் சலிக்கிறாள் என்று அவளை ஏசுகிறவர்கள், எழுந்திருக்க முடியாத ஜுரக்காரியை ஏன் நடக்கவில்லை என்று ஏசுவார்களா?

பால் கொடுக்கவே இயலாதவர்களும் உண்டு. நோயாலும் மருந்தாலும் தடைப்பட்டவர்கள், எவ்வளவு முயன்றும் போதிய அளவு ஊறாதவர்கள். மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மீதா ஃபெர்னாண்டஸ் 1989-இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கியது, குறைமாதத்தில் பிறந்து, தாயின் பால் கிட்டாத சிசுக்களை எண்ணித்தான். பால்மாவு விளம்பரங்களைத் தடைசெய்யும் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் மிக நல்ல சட்டம். அது கட்டுப்படுத்துவது வியாபாரியை. பாலாடையில் மாற்றுப் பால் புகட்டும் தாயை யாரும் அந்த வேகத்தில் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம்.

இன்னொருத்தியும் இருக்கிறாள், அவளைப் பற்றி எழுதக் கை நடுங்குகிறது. குழந்தை இறந்து பிறந்தாலும், பிறந்து இறந்தாலும், மூன்றாம் நாள் பால் வந்தே தீரும். மார்புக்கு அந்தச் செய்தி எட்டுவதில்லை. நம் பக்கத்துப் பாட்டிகள் அப்போது மல்லிகைப் பூச்சரத்தை மார்பில் வைத்துக் கட்டிப் பாலை வற்றச் செய்வார்கள். இதையும் வேலூர் மருத்துவர்கள் ஆராய்ந்து, பாலை நிறுத்தக் கொடுக்கும் மாத்திரையோடு ஒப்பிட்டு, மல்லிகை கட்டிய பெண்களுக்கும் புரோலாக்டின் குறைகிறது என்று 1988-இல் வெளியிட்டார்கள். விஞ்ஞானம் ஒப்பியது மகிழ்ச்சியே. ஆனால் அந்தச் சரத்தைத் தொடுத்து, அவள் உடம்பைத் தொட்டுக் கட்டி, அவளோடு சேர்ந்து அழுத கையை எந்த மாத்திரையோடு ஒப்பிடுவது? வீட்டிலுள்ளவர்கள், “அடுத்தது நல்லபடியா பொறக்கும்” என்று அவசரமாகச் சொல்லி நகர்ந்துவிடுகையில், அந்தக் கை ஒன்றுதான் இறந்துபோன குழந்தையை ஒரு குழந்தையாக மதித்தது. சல்லமாதேவிக்கு யாரேனும் அப்படிச் செய்திருப்பார்களா என்று எண்ணிக்கொள்கிறேன்.

தாயைப் பற்றியே பேசித் தகப்பனை மறந்துவிட்டோமே என்று ஒருவர் கேட்கலாம், நியாயமான கேள்வி. கார்த்திகை தீபத்தன்று மாலையில், மலையுச்சியில் தீபம் ஏறும் வேளையில், ஆண்டில் அன்று ஒரு முறை மட்டும், சில நிமிஷங்களே அர்த்தநாரீசுவரர் கொடிமரத்தருகே ஆடி வந்து தரிசனம் தருகிறார். பிள்ளை வாய் வையாத மார்பைத் தன் திருநாமத்திலேயே தாங்கி நிற்கும் அம்பிகை, தவமிருந்து பெற்ற பாதி அது. ஒரு மேனியில் இருவர் என்ற அந்த உயர்ந்த சித்தாந்தத்தைத் தரிசிக்க முண்டியடிக்கும் ஆடவர்களே பிரசவ வார்டின் வாசலில் ஃப்ளாஸ்க்கும் கையுமாக அந்நியரைப் போல நிற்கிறார்கள். பலரை உள்ளே விடுவதில்லை. விட்டாலும் என்ன செய்வதென்று அவர்களுக்கு எவரும் சொல்லித் தரவில்லை. மனைவியைத் தாய்வீட்டில் விட்டுவிட்டுப் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன இளைஞனுக்கு, கைப்பேசியில் தெரியும் குழந்தையின் முகத்தைப் பார்ப்பதைத் தவிரத் தகப்பனாக இருக்க வேறு வழியில்லை. அவனுக்கும் அச்சம் உண்டு, கடன் உண்டு, தான் ஒதுக்கப்பட்டவன் என்ற வருத்தமும் உண்டு. பால் கொடுக்கத்தான் அவனால் முடியாது. குழந்தையை ஏப்பம் வரத் தட்டவும், துணி மாற்றவும், நடுநிசியில் மனைவிக்குத் தண்ணீர் நீட்டவும், பெற்றோரிடம், “அவளை விடுங்கம்மா, தூங்கட்டும்” என்று சொல்லவும் முடியும். இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லத் துணிந்த கணவன் பாலூட்டலுக்குச் செய்யும் உதவி கொஞ்சமல்ல.

பக்கத்தில் இருத்தல் என்பது என்னவென்று இந்த ஊர் அறியாததன்று. 1922 மே 19-ஆம் நாள் ரமண மகரிஷி, தம் தாய் அழகம்மாளின் அந்திமப் பொழுதில், ஒரு கையை அவர் மார்பிலும் மறு கையைத் தலையிலும் வைத்தபடி, உயிர் அடங்கும் வரை உடனிருந்தார். துறவு பூண்டவர், உபதேசத்துக்காக உலகமெல்லாம் தேடி வந்த அவர், அன்று எந்த உபதேசமும் செய்யவில்லை. உயிர் பிரியும் வேளைக்கு அவர் அளித்ததை, உயிர் தந்து களைத்தவளுக்கு நாம் அளிக்கலாகாதா?

அதற்கு வழியும் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. 2011 முதல் நடைமுறையில் உள்ள தேசியத் திட்டத்தின்படி, மருத்துவமனையில் பிறந்த குழந்தையை மூன்றாம் நாளிலிருந்து நாற்பத்திரண்டாம் நாள் வரை ஆறு முறை வீடு தேடிச் சென்று பார்க்க வேண்டும். எடை, உஷ்ணம், தொப்புள் எல்லாவற்றுக்கும் கேள்விகள் உண்டு. அவற்றுக்கு முன்னால், “ஏம்மா, ராத்திரி கொஞ்சமாவது தூங்கினியா? மனசு எப்படி இருக்கு?” என்ற இரண்டு கேள்விகளும் இடம்பெற வேண்டும், விடை வர நேரமாகும், மாமியார் அப்புறம் போன பிறகே வரும், ஆகையால் காத்திருக்கும் அவகாசமும் சேவைக் கணக்கில் ஏற வேண்டும். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு, ஜவ்வாது மலை போன்ற இடங்களில் மூவாயிரம் பேருக்கு, ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. தடுப்பூசியும் பதிவேடும் கணினியுமாக அலையும் கிராம சுகாதாரச் செவிலியிடம் இதையும் சேர்த்துச் சுமத்துவது பாவம். ஒவ்வொரு தெருவிலும், இரண்டு பிள்ளைக்குப் பால் கொடுத்து அழுது எழுந்த ஒருத்தி இருக்கிறாள். அவளைத் தேர்ந்து, குழந்தையைப் பிடிக்கும் முறையும் மனச்சோர்வின் அடையாளங்களும் கற்பித்து, மாதச் சம்பளம் கொடுத்து, பக்கத்து வீட்டுப் புதுத்தாயிடம் அனுப்ப வேண்டும். சம்பளம் என்பதை வற்புறுத்திச் சொல்லுகிறேன். பெண்கள் செய்வதாலேயே ஒரு வேலையைத் தர்மமாக எண்ணி இலவசமாக வாங்கிக்கொள்ளும் வழக்கம் இதிலும் தொடர வேண்டாம்.